துபாய்க்கு ஒரு கண்டெய்னர் எருமை இறைச்சி: காகித வேலை எங்கே தொடங்குகிறது?

வாசகர் கேள்வி: வாணியம்பாடியில் பதினைந்து வருடமாக இறைச்சிக் கடை நடத்துகிறேன். துபாயில் குளிர்பதனக் கிடங்கு வைத்திருக்கும் என் மச்சான், எலும்பில்லாத எருமை இறைச்சி ஒரு நாற்பது அடி கண்டெய்னர் அனுப்பச் சொல்கிறார். இங்கே நகராட்சி இறைச்சிக்கூடத்தில் அறுத்து, சென்னைப் பக்கம் ஒரு குளிர்பதனக் கிடங்கில் உறையவைத்து, சென்னைத் துறைமுகம் வழியாகக் கப்பலில் அனுப்பலாம் என்று இருக்கிறேன். ஏற்றுமதி இறக்குமதிக்கு வேண்டிய ஐ.இ.சி. எண் வாங்கிவிட்டேன். கஸ்டம்ஸில் வேறு என்னென்ன பேப்பர் கேட்பார்கள்? கண்டெய்னரைத் துறைமுகத்தில் இறக்கிவிட்டு அவற்றை ஒவ்வொன்றாக வாங்கிக்கொள்ளலாமா? அடுத்து ஆட்டிறைச்சியும் அனுப்ப முடியுமா? வழி சொல்லுங்கள் ஐயா.

பதில்:

வணக்கம். உங்கள் இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பணம் போவது அங்கேதான். துறைமுகத்துக்கு வந்த பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்பது இறைச்சிக்கு நடக்காது. துணி, தோல், மசாலா என்றால் விட்டுப்போன ஒரு காகிதத்தை இரண்டு நாள் அலைந்து வாங்கிவிடலாம், சரக்கு அதுவரை காத்திருக்கும். இறைச்சிக்கு வேண்டிய முக்கியமான காகிதங்கள் மாட்டை அறுப்பதற்கு முன்பே எழுதத் தொடங்கப்படுகின்றன. அறுத்து முடித்த பிறகு அவற்றை யாராலும் உண்டாக்கித் தர முடியாது. அதனால் நீங்கள் எழுதியிருக்கும் திட்டம் அப்படியே நடக்காது. யாருக்கும் முன்பணம் கொடுப்பதற்கு முன் எழுதிக் கேட்டீர்களே, அதுவே நல்லது.

ஏன் நடக்காது என்று சொல்கிறேன். வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகத்தின் ஏற்றுமதிக் கொள்கையில் இறைச்சிக்குத் தனி நிபந்தனை இருக்கிறது. வேளாண், உணவுப் பொருள் ஏற்றுமதியைக் கவனிக்கும் மத்திய அரசு ஆணையமான அபேடாவில் பதிவுபெற்ற ஒருங்கிணைந்த இறைச்சிக்கூடத்திலிருந்து வந்த இறைச்சியாக இருக்கவேண்டும். இல்லையென்றால், அப்படிப்பட்ட கூடத்திலிருந்து மட்டுமே மூலப்பொருள் வாங்கும், அபேடாவில் பதிவுபெற்ற பதப்படுத்தும் ஆலையிலிருந்து வந்திருக்கவேண்டும். ஏற்றுமதி செய்பவர் இதை உறுதிமொழியாக எழுதி, அந்த ஆலையின் செல்லுபடியாகும் பதிவுச் சான்றிதழ் நகலோடு ஒவ்வொரு சரக்குக்கும் கஸ்டம்ஸில் தரவேண்டும். 2011-இலிருந்து இதுதான் நடைமுறை. நகராட்சி இறைச்சிக்கூடம் ஊர் மக்களுக்கு இறைச்சி தர உரிமம் பெற்ற இடம், அதில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் அங்கே அறுத்த இறைச்சியை எவ்வளவு சுத்தமாக, எவ்வளவு நல்ல கிடங்கில் உறையவைத்தாலும், அந்த உறுதிமொழியில் எழுத உங்களிடம் ஆலை எண் இருக்காது.

ஆலை கட்டவேண்டுமா என்று பயப்படாதீர்கள். உங்களுக்கு ஏற்றது வணிக ஏற்றுமதியாளர் வழி. மெர்ச்சன்ட் எக்ஸ்போர்ட்டர் என்பார்களே, அதுதான். பதிவுபெற்ற ஆலை ஒன்றோடு ஒப்பந்தம் போட்டு, அவர்களிடம் வாங்கி, உங்கள் பெயரில் ஏற்றுமதி செய்வது. எருமை இறைச்சி ஆலைகள் உத்தரப் பிரதேசத்தில் அதிகம், மகாராஷ்டிராவிலும் தெலங்கானாவிலும் இருக்கின்றன. உங்களுக்குத் தெலங்கானா பக்கம். ஆலை எங்கே என்பது முடிவான பிறகுதான் துறைமுகம். தெலங்கானா ஆலை என்றால் சென்னையும் பார்க்கலாம், மும்பையின் நவசேவாவும் பார்க்கலாம். மகாராஷ்டிரா ஆலை என்றால் சென்னையை மறந்துவிடுங்கள். நவசேவாவிலிருந்து துபாயின் ஜெபல் அலித் துறைமுகத்துக்குக் கடல் தூரமும் குறைவு, கப்பலும் அதிகம். வாணியம்பாடிக்கு எது கிட்டம் என்பது இந்தக் கணக்கில் வராது.

சரி, எருமை இறைச்சியில் எது அனுப்பலாம், எது கூடாது என்று பார்ப்போம். பசு, காளை, கன்று இவற்றின் இறைச்சி ஏற்றுமதி முழுவதுமாகத் தடை. எருமையில் எலும்போடு கூடிய உடல் இறைச்சியும் தடை, எலும்பு நீக்கியதற்கு மட்டும் அனுமதி. எலும்பு விஷயத்தில் இவ்வளவு கண்டிப்பு ஏன் என்று பலர் கேட்கிறார்கள். காரணம் கோமாரி நோய். அறுத்த உடலை 2 டிகிரிக்கு மேல் உள்ள குளிர் அறையில் குறைந்தது 24 மணி நேரம் தொங்கவிட்டால் தசை புளிக்கத் தொடங்கும், அமில காரக் கணக்கு, அதாவது பி.எச்., 6-க்குக் கீழே இறங்கும். அந்த அமிலத்தில் கோமாரிக் கிருமி செத்துவிடும். எலும்பு மஜ்ஜையிலும் நிணநீர்க் கட்டிகளிலும் அந்த அமிலம் ஏறாது. அதனால்தான் எலும்பையும் கட்டியையும் எடுத்துவிட்டு வெறும் தசையை அனுப்பச் சொல்கிறார்கள். உலக விலங்கு நல அமைப்பின் விதியும் இதுவே, வாங்கும் நாடுகள் நம்புவதும் இதையே.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம், உங்கள் காகிதங்களின் வேர் இங்கேதான் இருக்கிறது. ஆலைக்குப் போனால் சில்லர் அறைக்குள் ஒருவர் கையில் பேனா மாதிரி ஒரு பி.எச். மீட்டரோடு நிற்பார். தொங்கும் உடலின் முதுகுச் சதையில் குத்தி, 5.7, 5.8 என்று படித்துச் சொல்லச் சொல்ல, பக்கத்தில் ஒருவர் பதிவேட்டில் ஏற்றுவார். 6-ஐத் தாண்டிய உடல் ஏற்றுமதி வரிசையிலிருந்து ஓரமாகப் போய்விடும். அறுப்பதற்கு முன் உயிரோடு பார்த்த பரிசோதனை, அறுத்த பின் உறுப்புகளைப் பார்த்த பரிசோதனை, பிறகு இந்தப் பி.எச். எண், அப்புறம் ஆய்வகத்தில் சால்மோனெல்லா போன்ற நுண்ணுயிர்ச் சோதனை. இவையெல்லாம் சேர்ந்துதான் கடைசியில் ஒரே தாளில் ஹெல்த் சர்டிபிகேட்டாக உங்கள் கைக்கு வரும். கொடுப்பவர் மாநிலக் கால்நடைப் பராமரிப்புத் துறையின் மருத்துவர். அபேடாவின் மீட்.நெட் என்ற இணைய அமைப்பு வழியாக இது வழங்கப்படுகிறது. அறுத்த தேதி, ஆலை எண், ஆய்வகப் பரிசோதனை எல்லாம் அதில் தொடர்ந்து வந்திருக்கவேண்டும். நடுவில் ஒரு கண்ணி இல்லாவிட்டால் சான்றிதழ் வராது. இதோடு, அந்த எருமைகள் இனப்பெருக்கத்துக்கும் பாலுக்கும் பயன்படாதவை என்று ஆலை இருக்கும் மாநிலத்தின் கால்நடை அதிகாரி தரும் சான்றும் வேண்டும். இது இந்தியச் சட்டம் கேட்பது, வாங்குபவருக்காக அல்ல.

அப்புறம் ஹலால். உங்கள் கடையில் இதற்குத் தனியாகக் காகிதம் தேவைப்பட்டிருக்காது. ஏற்றுமதிக்கு 2024 அக்டோபர் 16 முதல் நிலைமை வேறு. ஐக்கிய அரபு அமீரகம், சவூதி, கத்தார், ஓமன், குவைத், மலேசியா, இந்தோனேசியா உள்ளிட்ட 15 நாடுகளுக்கு ‘ஹலால்’ என்று சொல்லி இறைச்சி அனுப்பவேண்டுமானால், இந்தியத் தரக் கவுன்சிலின் ஐ-காஸ் ஹலால் திட்டத்தில் அங்கீகாரம் பெற்ற அமைப்பு ஒன்றின் சான்று அந்த ஆலைக்கு இருக்கவேண்டும். இது இந்தியப் பக்கத்துத் தேவை. அமீரகம் ஏற்கும் பட்டியலில் அந்தச் சான்றளிக்கும் அமைப்பு இருக்கிறதா என்பது தனிக் கேள்வி. இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். ஆலைக்காரர் “ஹலால் இருக்கு” என்று ஒரே வார்த்தையில் சொன்னால் அதோடு விடாமல், சான்றிதழ் நகலை வாங்கி, உங்கள் மச்சானுக்கு அனுப்பி, அங்கே இறக்குமதி அனுமதி வாங்கும் இடத்தில் காட்டச் சொல்லுங்கள். ஆலையும் அப்படித்தான். அபேடா பதிவு இருப்பது வேறு, வாங்கும் நாடு அந்த ஆலையை ஏற்றுக்கொண்டிருப்பது வேறு.

உங்கள் பெயரில் வேண்டியவை குறைவு, சட்டென்று சொல்லிவிடுகிறேன். ஐ.இ.சி. இருக்கிறது, நல்லது. அதை வருடா வருடம் ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான மாதங்களில் இணையத்தில் உறுதிசெய்யவேண்டும், மறந்தால் எண் முடங்கும். அபேடாவில் உங்கள் பெயரில் ஆர்.சி.எம்.சி. என்ற பதிவுச் சான்றிதழ் வாங்குங்கள். ஆலையிடம் இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள், ஏற்றுமதியாளர் நீங்கள். ஏற்றுமதிப் பணம் வரும் வங்கிக் கிளையின் எண்ணான ஏ.டி. கோடுக்கு வங்கியில் கடிதம் வாங்கி, எந்தத் துறைமுகம் வழியாக அனுப்புகிறீர்களோ அந்தத் துறைமுகத்துக்கு, கஸ்டம்ஸின் இணையதளமான ஐஸ்கேட்டில் பதிவுசெய்யுங்கள். சென்னைக்குப் பதிந்தது நவசேவாவில் செல்லாது. காட்டுப்பள்ளிக்கும் தூத்துக்குடிக்கும்கூடத் தனித்தனிதான். ஜி.எஸ்.டி. விஷயத்தில், வரி கட்டாமல் ஏற்றுமதி செய்ய எழுதித் தரும் எல்.யூ.டி. உறுதிக்கடிதம் வேண்டுமா, ஆலை உங்களுக்குப் போடும் பில்லில் வரி எவ்வளவு என்பதை உங்கள் ஆடிட்டரிடம் உட்கார்ந்து பேசிவிடுங்கள். பாக்கெட்டின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்து உறைந்த இறைச்சிக்கு வரி மாறும்.

இப்போது பெயர் பிரச்சினை. இதில் நான் பார்த்த சிக்கல்கள் கொஞ்சநஞ்சம் அல்ல. வளைகுடாவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் வியாபாரிகள் நம் எருமை இறைச்சியைப் பேச்சில் ‘இந்தியன் பீஃப்’ என்பார்கள். உங்கள் மச்சானும் அப்படியே ஆர்டர் எழுதுவார், அங்கிருக்கும் வங்கி அதையே எல்.சி.யில், அதாவது பணம் தருவதாக எழுதிக்கொடுக்கும் கடன் கடிதத்தில், அடிக்கும். எல்.சி.யில் ‘பீஃப்’ என்று இருந்தால், இன்வாய்ஸிலும் அதே சொல் இருக்கவேண்டும் என்று உங்கள் வங்கி கேட்கும். இன்வாய்ஸில் ‘பீஃப்’ என்று போட்டால், தடைசெய்யப்பட்ட சரக்கை நீங்களே கைப்பட எழுதிக் கஸ்டம்ஸில் நீட்டியது போல ஆகும். சுங்கச் சட்டத்தின் 113-ஆவது பிரிவு பறிமுதலும் 114-ஆவது பிரிவு அபராதமும் பேசுகின்றன. எல்லாவற்றிலும் ‘ஃப்ரோஸன் போன்லெஸ் பஃபலோ மீட்’ என்ற ஒரே சொற்றொடர் வரட்டும். ஆர்டர், எல்.சி., இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், ஷிப்பிங் பில், கப்பல் கம்பெனி தரும் சரக்கு ரசீதான பி.எல்., ஹெல்த் சர்டிபிகேட், கார்ட்டன் லேபிள் எதிலும் ஓர் எழுத்துகூட மாறவேண்டாம். எல்.சி. வரைவு வரும்போதே இதைப் பார்த்துத் திருத்தச் சொல்லுங்கள். திறந்த பிறகு திருத்தினால் கட்டணமும் ஆகும், நாளும் போகும்.

கார்ட்டன் லேபிளையும் ஆலை அச்சடிப்பதற்கு முன் வாங்கிப் பாருங்கள். சரக்கின் பெயர், ஆலையின் அபேடா எண், எந்தத் துண்டு, அறுத்த தேதி அல்லது உற்பத்தித் தேதி, காலாவதித் தேதி, நிகர எடை, வைக்கவேண்டிய குளிர்நிலை, ஹலால் குறி இவ்வளவும் இருக்கவேண்டும். அமீரகத்துக்கு அரபியும் வேண்டும். ஆலையில் இதெல்லாம் பழக்கம்தான். ஆனால் வேறொரு நாட்டுக்கு அடித்து மிச்சமிருக்கும் பெட்டிகளில் உங்கள் சரக்கைப் போட்டுவிடலாம் என்ற யோசனை அவசரத்தில் வரும். அதற்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். அங்கே துறைமுகத்தில் நிற்கும் கால்நடை அதிகாரி பெட்டியைத் திருப்பிப் பார்த்துத் தேதியைச் சான்றிதழோடு ஒப்பிடுவார். சான்றிதழில் மூன்று அறுப்புத் தேதி இருக்க, பெட்டிகளில் நாலாவதாக ஒரு தேதி கிடைத்தால் மொத்தக் கண்டெய்னரும் நின்றுவிடும்.

இனி கஸ்டம்ஸ் வேலை. ஷிப்பிங் பில் என்பது சுங்கச் சட்டம் 50-ஆவது பிரிவின்படி நீங்கள் தரும் அறிவிப்பு. உங்கள் சார்பில் சி.எச்.ஏ. எனப்படும் சுங்க முகவர் ஐஸ்கேட்டில் போடுவார். நானும் அந்த வேலை செய்கிறவன்தான். போடுவதற்கு முன் செக்லிஸ்ட் என்று ஒரு தாள் அனுப்புவோம். பெரும்பாலானவர்கள் அதைத் திறந்துகூடப் பார்க்காமல் ‘ஓகே’ என்று பதில் அனுப்புகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள், ஒவ்வொரு வரியாகப் படியுங்கள். எட்டு இலக்கச் சரக்கு எண் 02023000-ஆ என்று பாருங்கள், உறைந்த, எலும்பில்லாத இறைச்சிக்கு அதுதான். சரக்கு உருவான மாநிலமும் மாவட்டமும் கேட்கும் கட்டம் ஒன்று உண்டு. உங்கள் முகவரி திருப்பத்தூர் மாவட்டம் என்பதால் கைப்பழக்கத்தில் அதுவே ஏறிவிடும். அங்கே வரவேண்டியது ஆலை இருக்கும் மாவட்டம். ஹெல்த் சர்டிபிகேட் தெலங்கானா என்று சொல்ல, ஷிப்பிங் பில் தமிழ்நாடு என்று சொன்னால், அதிகாரி நியாயமாகவே கேள்வி கேட்பார். அப்புறம் கப்பலில் ஏற்றும் வரையிலான எஃப்.ஓ.பி. மதிப்பு, கப்பல் கட்டணம், காப்பீடு தனித்தனியாகப் பிரிந்திருக்கிறதா, வங்கியின் ஏ.டி. கோடு சரியா, பெட்டி எண்ணிக்கை சரியா என்று பாருங்கள்.

துணைக் காகிதங்களெல்லாம் ஸ்கேன் செய்து, இ-சஞ்சித் என்ற கஸ்டம்ஸ் இணைய அமைப்பில் ஏற்றப்படும். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், உங்கள் ஆர்.சி.எம்.சி., ஆலையின் அபேடா பதிவு, நான் முதலில் சொன்ன உறுதிமொழி, ஹலால் சான்று, ஆய்வக அறிக்கை. கண்டெய்னரில் சரக்கு ஏற்றும் ஸ்டஃபிங் முடிந்து ஹெல்த் சர்டிபிகேட் கைக்கு வந்ததும் அதுவும் அதே வழியில் சேரும்.

இந்த வரிசையில் ஒரு முடிச்சு இருக்கிறது. ஆலையிலேயே கண்டெய்னரை ஏற்றி ஆர்.எஃப்.ஐ.டி. இ-சீல் என்ற மின்னணு முத்திரைப் பூட்டுப் போடுவதுதான் இறைச்சிக்கு நல்லது, குளிர் விடாது. ஆனால் இ-சீல் விவரம் பதிய ஷிப்பிங் பில் எண் வேண்டும். அதாவது ஏற்றுவதற்கு முன்பே ஷிப்பிங் பில் போட்டிருக்கவேண்டும். நீங்கள் 1,400 பெட்டி என்று போட்டிருப்பீர்கள், ஏற்றும்போது 1,386-தான் பிடிக்கும். இது அடிக்கடி நடக்கிறது. அப்படி நடந்தால் மறைக்காமல் 149-ஆவது பிரிவின்படி திருத்தம் போட்டுவிடவேண்டும். கூடவே இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், ஹெல்த் சர்டிபிகேட் எல்லாம் 1,386 ஆகவேண்டும். பதினாலு பெட்டிதானே என்று விட்டால், அங்கே இறக்கும்போது எண்ணிக்கை குறைவு என்று வேறொரு பெயரில் அது திரும்பி வரும்.

சீல் எண்ணில் எனக்கு நடந்த ஒன்றைச் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு கண்டெய்னருக்கு இ-சீல் போட்டு, அதன் எண்ணை மருத்துவரிடம் கொடுத்தோம், அவர் ஹெல்த் சர்டிபிகேட்டில் ஏற்றினார். கப்பல் கம்பெனியின் போல்ட் சீல் தனியாக இருந்தது. பி.எல். அடிக்கும்போது அவர்கள் தங்கள் போல்ட் சீல் எண்ணைப் போட்டார்கள். இரண்டு எண்ணும் உண்மை, இரண்டு சீலும் அதே கதவில்தான் தொங்கின. ஆனால் அங்கே அதிகாரியின் மேஜையில் இருந்த சான்றிதழ் ஓர் எண் சொன்னது, பி.எல். வேறு எண் சொன்னது. திருத்திய சான்றிதழ் போய்ச் சேர ஒன்பது நாள் ஆனது. அந்த ஒன்பது நாளும் கண்டெய்னர் குளிர் விடாமலிருக்க மின்சாரப் பிளக்கில் நின்றது. மின்சாரத்துக்கு ஒரு கட்டணம், இடத்துக்கு ஒரு கட்டணம், கம்பெனிக்கு ஒரு கட்டணம். தவறு என்னுடையது, பி.எல். வரைவை அன்று இரவே சான்றிதழோடு வைத்துப் பார்த்திருக்கவேண்டும். அன்றிலிருந்து சான்றிதழில் இரண்டு சீல் எண்ணையும் எழுதச் சொல்லி வாங்குகிறேன். கஸ்டம்ஸ் ஏதாவது காரணத்துக்காகச் சீலை வெட்டிச் சோதித்தால் புதுச் சீல் எண் வரும், அதையும் உடனே எல்லாக் காகிதத்திலும் மாற்றவேண்டும்.

எடைக்கு ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். 20 கிலோ பெட்டி 1,400 என்றால் நிகர எடை 28,000 கிலோ. அட்டைப் பெட்டியும் உள்ளே இருக்கும் பாலித்தீனும் சேர்ந்து ஒன்றுக்கு 700 கிராம் என்று வைத்தால் 980 கிலோ. மொத்த எடை 28,980. வெறும் ரீஃபர், அதாவது குளிர்பதனக் கண்டெய்னர் 4,700 கிலோ என்று கதவில் எழுதியிருந்தால், வி.ஜி.எம். எனப்படும் சரிபார்த்த மொத்த எடை 33,680 கிலோ. 2016 ஜூலை 1 முதல் இந்த வி.ஜி.எம். அறிவிக்காத கண்டெய்னரைக் கப்பலில் ஏற்றக்கூடாது என்பது சர்வதேச விதி. கதவில் எழுதியிருக்கும் உச்ச எடையை அது தாண்டக்கூடாது. சிலர் வி.ஜி.எம்.-இல் நிகர எடையையே எழுதிவிடுகிறார்கள், சிலர் பெட்டி எடையைச் சேர்க்க மறக்கிறார்கள். ஆலையின் எடைமேடைச் சீட்டை வாங்கி, மேலே உள்ள மாதிரி கூட்டிப் பார்த்து ஒத்துவந்தால் மட்டும் கையெழுத்துப் போடுங்கள்.

கப்பல் கம்பெனியிடம் புக்கிங் செய்யும்போது குளிர்நிலைக் கட்டத்தில் மைனஸ் 18 என்று எழுதும் இடத்தை இரண்டு தடவை பாருங்கள். மைனஸ் என்பது ஒரு சின்னக் கோடு. ஒரு ஃபைலிலிருந்து இன்னொரு ஃபைலுக்கு நகல் எடுக்கும்போது அந்தக் கோடு காணாமல் போவதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். எழுத்திலும் ‘மைனஸ்’ என்று போடச் சொல்லுங்கள். காற்றுத் துளை மூடியிருக்கவேண்டும் என்றும், கண்டெய்னரைக் கொடுப்பதற்கு முன் பி.டி.ஐ. என்ற இயந்திரச் சோதனை செய்த தாள் வேண்டும் என்றும் கேளுங்கள். ஏற்றும் நேரத்தில் இறைச்சியின் உள் வெப்பநிலையை ஆலைக்காரர்கள் பெட்டியைத் துளைத்து அளப்பார்கள், அந்தப் பதிவின் நகலும் உங்கள் ஃபைலில் இருக்கட்டும். பின்னால் சரக்கு உருகி வந்தது என்று வழக்கு வந்தால், ஏற்றும்போது சரியாக இருந்தது என்று காட்ட அது ஒன்றுதான் கையில் இருக்கும்.

துறைமுகத்தில் நுழைவு, இ-சீல் சரிபார்ப்பு, பிறகு 51-ஆவது பிரிவின்படி எல்.இ.ஓ. என்னும் ஏற்றுமதி அனுமதி. மற்ற காகிதமெல்லாம் சரியாக இருந்தால் இது நீண்ட வேலை அல்ல. கப்பல் போன பிறகு கம்பெனி ஈ.ஜி.எம். என்ற ஏற்றுமதிச் சரக்குப் பட்டியலைப் போடும். அதில் உங்கள் ஷிப்பிங் பில் எண் சரியாக ஏறியதா என்று ஒரு வாரத்தில் ஐஸ்கேட்டில் பாருங்கள். ஏறாவிட்டால் சரக்கு இந்தியாவை விட்டுப் போகவில்லை என்றுதான் கணினி நினைத்துக்கொண்டிருக்கும், அரசிடமிருந்து வரவேண்டிய பணம் நிற்கும்.

பி.எல். வரைவை மட்டும் நிதானமாகப் பாருங்கள். பெறுபவர் பெயர், சரக்கின் பெயர், பெட்டி எண்ணிக்கை, எடை, கண்டெய்னர் எண், சீல் எண், குளிர்நிலை, இவை ஏழும். தேதியும் முக்கியம். ஹெல்த் சர்டிபிகேட் தேதி பி.எல். தேதிக்கு முன்னால் இருக்கவேண்டும். கப்பல் புறப்பட்ட பிறகு கொடுத்த நலச் சான்றிதழ் என்றால் எந்த அதிகாரி நம்புவார்? எல்.சி. என்றால், எல்.சி.யில் வேறு கெடு சொல்லாவிட்டால், கப்பலேறிய தேதியிலிருந்து 21 நாளுக்குள் காகிதங்களை வங்கியில் கொடுக்கவேண்டும். ஆனால் நீங்கள் 21 நாள் எடுத்துக்கொள்ள முடியாது. ஜெபல் அலிக்குக் கப்பல் சீக்கிரம் போய்ச் சேரும். நேரடிக் கப்பலாக இருந்து நவசேவாவிலிருந்து கிளம்பினால் ஒரு வாரத்துக்குள்ளேயே போய்விடும். அசல் ஹெல்த் சர்டிபிகேட்டும் அசல் ஹலால் சான்றும் கையில் இல்லாமல் உங்கள் மச்சானால் சரக்கை எடுக்க முடியாது. கப்பல் கிளம்பிய மறுநாள் காகிதம் கூரியரிலோ வங்கியிலோ போய்விடவேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சொந்தக்காரர்தானே, பணம் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று வங்கியைத் தவிர்க்காதீர்கள். பணம் வங்கி வழியாக வந்து, பணம் வந்ததற்கான பி.ஆர்.சி. சான்று கிடைத்தால்தான் ஏற்றுமதிக் கணக்கு முடியும்.

உருவான நாட்டுச் சான்றிதழையும் கேட்பார்கள். அமீரகத்தோடு நமக்கு 2022 மே 1 முதல் நடைமுறையில் இருக்கும் சீபா என்ற வர்த்தக ஒப்பந்தம் இருப்பதால், அதன்படியான சான்றிதழை வர்த்தகத் தலைமை இயக்குநரகத்தின் இணையதளத்தில் வாங்கலாம். அது வேண்டுமா, சாதாரணச் சான்றிதழ் போதுமா என்று உங்கள் மச்சானிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள், வரிச் சலுகை கிடைத்தால் லாபம் அவருக்குத்தான்.

ஆட்டிறைச்சி பற்றிக் கேட்டிருந்தீர்கள். செம்மறி, வெள்ளாடு இரண்டையும் எலும்போடு முழு உடலாகவே அனுப்பலாம், எருமைக்குள்ள எலும்புத் தடை இதற்கு இல்லை. ஆனால் பதிவுபெற்ற ஆலை, ஹெல்த் சர்டிபிகேட், ஹலால் எல்லாம் அப்படியே. வளைகுடாவுக்குப் போகும் நம் ஆட்டிறைச்சியில் பெரும்பங்கு உறையவைக்காமல் குளிரவைத்து விமானத்தில் போகிறது, அங்கே வாங்குபவர்கள் அதைத்தான் விரும்புகிறார்கள். கப்பலில் உறைந்த ஆட்டிறைச்சி அனுப்பினால் ஆஸ்திரேலியச் சரக்கோடு விலையில் மோதவேண்டியிருக்கும். முதல் கண்டெய்னர் எருமை போய்ப் பணம் வந்த பிறகு அதை யோசியுங்கள்.

இந்த வாரம் செய்யவேண்டியது ஒன்றுதான். நீங்கள் ஒப்பந்தம் போட நினைக்கும் ஆலையிடம் மூன்று நகல் கேளுங்கள்: நடப்பில் இருக்கும் அபேடா ஆலைப் பதிவு, ஐ-காஸ் ஹலால் சான்று, கடைசியாக அமீரகத்துக்கு அனுப்பிய ஒரு சரக்கின் ஹெல்த் சர்டிபிகேட். மூன்றாவதில் வாங்கியவர் பெயரை மறைத்துக் கொடுத்தாலும் போதும். மூன்றிலும் ஆலையின் பெயரும் எண்ணும் முகவரியும் ஒன்றாக இருக்கிறதா என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒழுங்காக வேலை செய்யும் ஆலை இதை ஒரே நாளில் அனுப்பிவிடும். இழுத்தடித்தால் வேறு ஆலை பாருங்கள், முன்பணம் கொடுக்காதீர்கள். மூன்றும் வந்ததும் உங்கள் மச்சான் அனுப்பும் எல்.சி. வரைவோடு எனக்கு எழுதுங்கள், திறப்பதற்கு முன்னால் வரி வரியாகப் பார்த்துச் சொல்கிறேன்.